சித்திரையில் காலடிக்குள் ஒளியும் நிழல்... மொட்டைமாடியில் பந்தலும் அடுப்பும் போடப்போகிறீர்களா?

சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ம் தேதி, மதியம் 12.20 மணிக்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்திப் பாருங்கள். குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் ஒன்பதரை டிகிரியில் இருப்பதால், 'நிழலில்லா நாள்' இங்கே தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வந்துவிடுகிறது. சென்னைக்கு அது வர இன்னும் பத்து நாள் ஆகும். ஆவணி மாதம், ஆகஸ்ட் 28 வாக்கில், மறுபடியும் ஒருமுறை வரும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சொல்லும் தகவல் போலத் தெரியலாம். ஆனால், மாடியில் நிழல் போட்டு, ஓர் அடுப்பும் வைத்து, லீவு நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

காரணம், போனைத் திறந்தால் வருகிற வீடியோக்கள். கிரேக்கத் தீவு, இத்தாலி, ஸ்பெயின் என்று மத்தியதரைக் கடலோர வீட்டு மாடிகள். வெள்ளைச் சுவர், மேலே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய 'பெர்கோலா', அதில் படர்ந்த திராட்சைக் கொடி, மூலையில் கல் அடுப்பு. அந்தப் படத்தை வெல்டிங் பட்டறையில் காட்டி, "இதே மாதிரி இரும்பில் செய்துகொடுங்கள்" என்று கேட்பது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. பட்டறைக்காரர் செய்தும் கொடுத்துவிடுவார். சித்திரை மதியம் அதன் கீழே போய் நின்றால்தான் தெரியும், தரையில் கோடு கோடாக வெயில்!

அந்த ஊர்க் கதையே வேறு. ஏதென்ஸ் நகரம் வடக்கே 38 டிகிரியில் இருக்கிறது. அங்கே சூரியன் எந்த நாளிலும் உச்சிக்கு நேராக வராது. கடும் கோடையான ஜூனிலும் மதியத்தில் தெற்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். அதனால், சட்டங்களைத் தெற்கு நோக்கிச் சாய்வாக வைத்தாலே நிழல் கிடைத்துவிடும். கோடையில் மழை மிகக் குறைவு என்பதால் மேலே திறந்திருந்தாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் திராட்சைக் கொடி இலையை உதிர்த்துவிட, இதமான வெயில் வீட்டுக்குள் இறங்கும். அவர்களுக்கு அது வேண்டும். மார்கழியில்கூட மதிய வெயிலை வீட்டுக்குள் கூப்பிடும் ஆசை ராஜபாளையத்துக்காரர்களுக்கு இருக்கிறதா என்ன?

நிழல் நிற்காது, நகரும்

தலைக்கு மேல் 8 அடி உயரத்தில், 10 அடிக்கு 10 அடி பந்தல் ஒன்று போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை ஆரம்பத்தில் மதியம் 12.20-க்கு நிழல் கச்சிதமாகப் பந்தலுக்குக் கீழேயே விழும். மூன்று மணிக்குள் கிட்டத்தட்ட ஏழு அடி கிழக்கே நகர்ந்திருக்கும். நான்கு மணிக்கு 11 அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். அதாவது, நான்கு மணிக் காபிக்குப் பந்தலுக்குள் போட்ட நாற்காலி முழு வெயிலில் இருக்கும். நிழல் தனியாகக் கிழக்குப் பக்கம் காலியாகக் கிடக்கும்!

பந்தலைப் பெரிதாக்குவது இதற்கு ஒரு வழி. செலவு குறைவான வழி, மேற்குப் பக்கம் ஒரு மறைப்பைத் தொங்கவிடுவது. மூங்கில் தட்டி, கோரைத் திரை, பழைய கித்தான் எது இருந்தாலும் சரி. மதியம் சுருட்டி மேலே கட்டிவிட்டு, இரண்டரை மணிக்கு இறக்கினால் போதும். இந்த இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலை. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் கொஞ்சம் சீக்கிரமாகவே இறங்கிவிடுவதால், கடைசி அரை மணி நேர வெயில் மிச்சம்.

பலர் கவனிக்காத இன்னொன்று, வடக்குப் பக்கம். 'வெயில் தெற்கிலிருந்துதான் வரும்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இந்த ஊர்களில் மதியச் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். ஜூன் 21-ல் உச்சியிலிருந்து 14 டிகிரி வடக்கே நிற்கும். அதே 8 அடி உயரப் பந்தலின் நிழல் அப்போது இரண்டடி தெற்கே தள்ளி விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே போக, நிழல் ஐந்தடி வடக்கே விழும். ஆகவே, கோடைக்கான பந்தல் என்றால் வடக்கிலும் இரண்டடி கூடுதலாக நீட்டிக்கொள்வது நல்லது.

கீற்றா, வலையா, தகரமா?

குளிர்ச்சிக்குத் தென்னங்கீற்றை அடிக்க ஆளில்லை. வெயிலை வாங்கிக்கொண்டு சூட்டைக் கீழே விடாது. தகர ஷீட் அப்படியே எதிர். மதியம் தகரத்துக்குக் கீழே நின்றால், வெயில் படாமலேயே தலை காய்கிறதே, அது தகரம் திருப்பி அனுப்பும் சூடு. சிமென்ட் ஷீட் வகையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. மத்தியதரைக் கடல் நாடுகளைப் பார்த்துத்தான் மாடியை அமைக்கிறோம் என்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே ஆஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பச்சை நிற நிழல்வலையைத்தான் இப்போது அதிகம் பேர் வாங்குகிறார்கள். 50, 75, 90 என்று சதவிகிதக் கணக்கில் கிடைக்கும். அந்த எண், வலை எவ்வளவு வெயிலை மறைக்கிறது என்பதைக் குறிக்கும். செடி வளர்க்க 50 போதும். மனிதர்கள் உட்கார 75-க்குக் குறைந்தால் பயனில்லை. 'யுவி' பாதுகாப்பு உள்ள வலையா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் சீக்கிரமே நைந்து, நூல் நூலாக மாடியெல்லாம் உதிரும். ஒரே வலையை இறுக்கிக் கட்டுவதைவிட, இரண்டு 50 சதவிகித வலைகளை ஒரு சாண் இடைவெளியில் மேலும் கீழுமாகக் கட்டினால் நடுவில் காற்று போய்வரும். கீழே சூடு குறையும்.

தரையையும் மறக்கக் கூடாது. கிரேக்கத் தீவு வீடுகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்தது ஒன்று உண்டென்றால், அது வெள்ளைச் சுண்ணாம்பு. நம் ஊரிலும் கோடை தொடங்கும் முன் மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் உண்டு. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழே இருக்கும் படுக்கையறை ராத்திரியில் கொதிக்காது. ஆனால், பந்தல் இல்லாத வெள்ளைத் தளத்தில் மதியம் நின்றால் கண் கூசும். பந்தலுக்கு வெளியே வெள்ளை, உட்காரும் இடத்தில் பாய் அல்லது மங்கலான ஓடு என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஆனி, ஆடி வந்தால்...

இந்தப் பகுதியில் மாடிப் பந்தலுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி காற்றுதான். தெற்கே தென்காசி, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் அடிக்கிறது.

ஒரு கணக்கு. 10 அடிக்கு 10 அடி தார்ப்பாய் மீது மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால், அதைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 110 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். சிமென்ட் கலவை நிரப்பிய 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று சுமார் 48 கிலோ இருக்கும். பலர் செய்வதுபோல நான்கு கால்களையும் நான்கு வாளிகளில் நட்டால் 190 கிலோ. சாதாரணக் காற்றுக்குத் தாங்கும். ஆடிக்காற்றுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. தகர ஷீட் ஒன்று பிய்த்துக்கொண்டு கிளம்பினால் அது நம் வீட்டு நஷ்டத்தோடு நிற்காது. தெருவில் யார் தலையில், எந்த மின்கம்பியில் போய் விழும் என்று சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பந்தல்காரர்கள் கயிற்றால் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. தேவைப்படும்போது கட்டலாம், வேண்டாதபோது பத்து நிமிடத்தில் அவிழ்க்கலாம். வலையின் ஓரத்தில் இரண்டடிக்கு ஒரு கண்ணி வைத்து, இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போட்டுவிட்டால், காற்று ஏறும் அறிகுறி தெரிந்ததும் வீட்டில் இருக்கும் ஒருவரே சுருட்டிவிடலாம். இரும்புச் சட்டம் நிரந்தரமாக நிற்கட்டும். மேலே போடுவது மட்டும் கழற்றிப் போடுவதாக இருக்கட்டும். மத்தியதரைக் கடல் பெர்கோலாவையும் நம்மூர்ப் பந்தலையும் சேர்த்துவைக்க இதைவிட எளிதான வழி இல்லை. நிரந்தரக் கூரையே போடுவதென்றால், அனுமதியும் சொத்து வரியும் எப்படி என்று நகராட்சியில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தபந்தங்கள் வந்து நிறைகிற நேரமும் இந்தக் காற்றுக் காலம்தான். 'நூறு பேருக்கு மாடியிலேயே சமைத்துவிடலாம்' என்ற யோசனை வந்தால், அந்த வருடம் மட்டும் அடுப்பைத் தரையிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

2004-ஐ மறந்துவிடக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் தீ பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், மதிய உணவு சமைக்கும் இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் போனார்கள். உயரத்தில் கீற்று, அருகில் நெருப்பு, இறங்க ஒரே குறுகலான படிக்கட்டு. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அந்த வருடத்தில் பார்த்துவிட்டது. இன்று மாடியில் கீற்றுக்குக் கீழே அடுப்பு வைப்பவர் அதே மூன்றையும் தன் வீட்டில் சேர்த்துவைக்கிறார்.

நிழல்வலை மட்டும் என்ன? அது பிளாஸ்டிக். சூடு பட்டால் உருகிச் சொட்டும். சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தீபாவளி ராத்திரி யார் விட்ட ராக்கெட் எந்த மாடியில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீற்றோ வலையோ, தீபாவளிக்கு முன்பே இறக்கிவிடுவதுதான் சரி. எப்படியும் ஐப்பசி மழைக்கு அதை இறக்கத்தானே வேண்டும்?

அடுப்புக்கு எதற்கு நிழல்?

யோசித்துப் பார்த்தால், நிழல் ஆட்களுக்குத்தான் வேண்டும். அடுப்புக்கு வேண்டாம். மாடியில் சமைக்கப்போவது சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே வேலை வேண்டாம் என்றுதான் கோடைக்கால எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் சொல்கின்றன. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. அந்த நேரத்தில் மாடியில் தோசைக்கல்லின் முன் நிற்பது வீரம் ஆகாது. பெரும்பாலான வீடுகளில் அப்படி நிற்கப்போவது யார் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, பந்தல் ஓர் இடம், அடுப்பு ஓர் இடம். நடுவில் ஆறேழு அடியாவது இடைவெளி. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, இரண்டு மூன்று சாயங்காலம் மாடியில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை போகும் திசையின் கடைசியில் அடுப்பு, எதிர்முனையில் பந்தல். இப்படி வைத்தால் பொறியும் பந்தல் பக்கம் வராது, புகையும் சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படாது. காற்றுப் பக்கம் மூன்று வரிசை செங்கல் அடுக்கினால் தீ அலையாது. அலையும் தீயில் எது வேகாது என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை யாரும் மொட்டைமாடியில் கிண்டுவதில்லை. சீரான தீ இல்லாவிட்டால் பால் ஒரு பக்கம் அடிபிடித்துவிடும்!

விறகு, கரி என்றால் அடுப்பு நேராகத் தளத்தின் மேல் உட்காரக் கூடாது. கால் வைத்த இரும்பு அடுப்பு நல்லது. இல்லையென்றால், ஒரு தட்டில் நாலு விரல் கனத்துக்கு மணல் பரப்பி அதன் மேல் செங்கல் வைத்து அடுப்பு போடலாம். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள், சாம்பலுக்குள் கங்கு காலை வரை உயிரோடு இருக்கும். இரவுக் காற்று அதைக் கிளறிவிடாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் தெளித்து மூடிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மழை வருகிறதே என்று கரி அடுப்பை மாடி ரூமுக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் நிறைந்துவிடும்.

கேஸ் என்றால் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வெயிலில் காய விடக் கூடாது. சமையல் முடிந்ததும் கீழே எடுத்துப்போக வசதியாக 5 கிலோ சிலிண்டர் போதும். கல்லால் கட்டும் பீட்சா அடுப்பு ஆசை இருந்தால், அது சுலபமாக அரை டன்னைத் தாண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆள் நடமாடும் மொட்டைமாடித் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் அதை ஏற்றக் கூடாது.

கீழே ஒழுகினால் மேலே விருந்து எதற்கு?

சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்த மாடிகள் இந்த ஊர்களில் நிறைய உண்டு. அந்தத் தட்டோடும், நடுவில் பூசிய கலவையும்தான் வீட்டை மழையிலிருந்து காக்கின்றன. பந்தல் காலுக்கு போல்ட் அடிக்க அதில் துளை போட்டால், அடுத்த ஐப்பசியில் படுக்கையறைக் கூரையில் ஈரம் தெரியும். வாளி, கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் இரும்புப் பட்டை என்று எப்படி வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். தளத்தைத் துளைக்காதீர்கள். நீளமான இரும்புக் குழாயை மாடிக்கு ஏற்றும்போது தெரு மின்கம்பியிலிருந்து எட்டியே இருக்கட்டும்.

எண்ணெய்ச் சட்டியை மாடியிலேயே கழுவுவதும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது. இன்று ஊற்றும் எண்ணெயும் சாம்பலும் நாளை கிணற்று நீரில் வந்து நிற்கும். குழந்தைகள் ஓடியாடும் மாடி என்றால், கைப்பிடிச் சுவர் மூன்றரை அடியாவது இருக்க வேண்டும். அதன் அருகே ஏறி நிற்கிற மாதிரி பெஞ்ச் எதையும் போடக் கூடாது.

வெயிலே அடுப்பு

மாடிச் சமையல் நமக்குப் புதிதும் இல்லை. மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி, விடியற்காலையில் வேட்டியில் வடகம் இடுவதும், மோர் மிளகாயை ஊறவைத்துக் காயப்போடுவதும், அடிவார மாந்தோப்புக் காயை உப்பிட்டு வத்தலாக்குவதும் என்ன? நெருப்பில்லாத சமையல்தான். தீயும் இல்லை, புகையும் இல்லை. மற்றவர்கள் வெயிலை மறைக்கப் பந்தல் தேட, வடகம் போடுகிறவர்களுக்கு மட்டும் பந்தலின் நிழல் விழாத இடம் வேண்டும்.

அந்த இடம் பந்தலுக்கு மேற்கே இருக்கட்டும். மதியத்துக்கு மேல் நிழல் கிழக்கே போய்விடுவதால், மேற்குப் பக்கம் மலையில் சூரியன் இறங்கும் வரை வெயில் கிடைக்கும். மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போர்த்தினால் தூசி விழாது. மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது அப்படித் துணிக்கு என்ன பஞ்சம்? காக்கையை விரட்டப் பாட்டிகள் வைக்கும் கறுப்புக் குடை இன்னும் வேலை செய்கிறது. குடைக்கு நிழல் உண்டு என்பதால் அதை ஓரமாக வைக்க வேண்டும்.

பந்தலில் பச்சை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் திராட்சைக்காக மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து ஏங்க வேண்டாம். ஆடிப் பட்டத்தில் நான்கு பைகளில் அவரை ஊன்றி, இரும்புச் சட்டத்தில் ஏற்றிவிடலாம். வலையை இறக்கிவைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கொடி சட்டத்தை மூடி நிற்கும். தை மாதம் காய் பறித்து முடித்து, கொடியை அறுத்துப் போட்டுவிட்டு, மாசியில் பரணிலிருந்து வலையை எடுத்துத் தூசி தட்டினால், வடகம் போடும் நேரம் வந்திருக்கும்.